அம்மா கட்டிக் கொடுத்த கறிவேப்பிலை

நாய் நேராக என் பெட்டியிடம் வந்தது. முகர்ந்தது. உட்கார்ந்தது.

குரைக்கவில்லை, கடிக்கவில்லை. 'என் வேலை முடிஞ்சுது, மீதியை நீங்க பார்த்துக்குங்க' என்பது போலத் தன்னைக் கூட்டி வந்த பெண் அதிகாரியை நிமிர்ந்து பார்த்தது. பீகிள் ஜாதி. தொங்கும் காது, சாதுவான முகம். நம்ம தெருவாக இருந்தால் ரெண்டு பொறை பிஸ்கெட்டில் சினேகமாகிவிடலாம். ஆனால் இது அமெரிக்க விமான நிலையம். என்னிடம் பொறை இல்லை. பெட்டியில் கறிவேப்பிலை இருந்தது.

"செடி, இலை, பழம் ஏதாவது கொண்டு வந்திருக்கீங்களா?" என்றார் அந்த அம்மாள்.

இதே கேள்விக்குப் பத்து நிமிஷம் முன்னால்தான் இன்னொரு கவுன்ட்டரில் 'நோ' என்று வீரமாகச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். இப்போது தொண்டையில் முறுக்கு சிக்கினது போல் ஒரு சத்தம் மட்டும் வந்தது.

பெட்டி திறக்கப்பட்டது. அதிரசம், பருப்புப் பொடி, அக்காவுக்கு இரண்டு சுங்குடிப் புடவை. புடவை மடிப்புக்குள் ஈரத் துணியில் சுற்றி, அதன் மேல் நியூஸ்பேப்பர் சுற்றி, பச்சைப் பசேலென்று எட்டு கொத்து. வாசனை அந்த ஹால் முழுக்க அடித்தது. பின்னால் வரிசையில் நின்ற ஓர் ஆந்திரக்காரர் ஏக்கமாக மூச்சை இழுத்ததைப் பார்த்தேன்.

எல்லாம் அம்மாவின் கைவேலை. "அவ ரசம் வைக்கிறா, வாசனையே இல்லைங்கறாடா. ஒரு கொத்து கொண்டு போனா குறைஞ்சா போயிடுவே?"

"அதெல்லாம் விட மாட்டாங்கம்மா."

"இலைக்கு என்னடா இம்புட்டுக் கெடுபிடி? வெடிகுண்டா கட்டித் தரேன்?"

அதிகாரி அபராதம் போட்டிருக்கலாம். போடவில்லை. கொத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுச் சீல் வைத்தார். "அடுத்த முறை உண்மையைச் சொல்லுங்க" என்றார். அதைவிட அபராதமே போட்டிருக்கலாம் என்று தோன்றியது. நாய்க்கு மட்டும் ஒரு பிஸ்கெட் கிடைத்தது.

இது நடந்தது 2023 மார்ச்சில்.

ஆர்லாண்டோவில் அக்கா வீடு. விஷயத்தைச் சொன்னதும் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அத்தான் சிரிக்கவில்லை. அவர் வேலை பார்ப்பது கம்ப்யூட்டர் கம்பெனியில்தான். ஆனால் தோட்டக்காரர்களுக்குத் தண்ணீர் பாய்ச்சும் கணக்கு பார்க்கிற புரோகிராம் எழுதிக் கொடுப்பது அவர் பிரிவு. அதனால் ஃபுளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் பல பேரை அவருக்குத் தெரியும்.

"மாப்ளே, அந்த நாய் ஏன் உட்கார்ந்துச்சுன்னு உனக்குத் தெரியணும். ஞாயித்துக்கிழமை டிஸ்னி வேர்ல்ட் கேன்சல். என்கூட வா" என்றார்.

மிக்கி மௌஸைப் பார்க்க வந்தவன் பூச்சியைப் பார்க்கப் போன கதை இதுதான்.

* * *

ஃபுளோரிடாவில் ஆரஞ்சு என்பது வெறும் பழம் இல்லை. நமக்குப் பொங்கலுக்குக் கரும்பு மாதிரி, அவர்களுக்கு அடையாளம். ரோட்டில் போகிற பெரும்பாலான கார்களின் நம்பர் பிளேட்டில் நடுவே இரண்டு ஆரஞ்சு. மாநிலத்தின் பூ, ஆரஞ்சுப் பூ, 1909-லிருந்து. மாநிலத்தின் பானம், ஆரஞ்சு ஜூஸ், 1967-லிருந்து. மாநிலத்தின் பழம் என்று ஆரஞ்சை முறைப்படி அறிவித்தது 2005-ல். அந்த வருஷத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

முதலில் கிளெர்மான்ட் என்ற ஊரில் வண்டியை நிறுத்தினார் அத்தான். அங்கே 226 அடி உயரத்தில் ஒரு கோபுரம். பெயரே சிட்ரஸ் டவர். 1956-ல் கட்டியது. எதற்குக் கட்டினார்கள்? ஏறி நின்று, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஆரஞ்சுத் தோட்டங்களைப் பார்ப்பதற்கு!

மேலே போய்ப் பார்த்தேன். ஏரிகள் தெரிந்தன. வீடுகள் தெரிந்தன. ஷாப்பிங் சென்டர் தெரிந்தது. தோட்டம்?

"இங்கே இருந்த தோட்டத்தை எல்லாம் பனி கொண்டு போயிடுச்சு. 1983, 1985, 1989-னு அடுத்தடுத்து உறைபனி. மரமே செத்துப் போச்சு. தப்பிச்சவங்க தெற்கே நகர்ந்தாங்க. பனி வரும்போது தெரியும் மாப்ளே. ரேடியோவில் சொல்லுவான். ராத்திரி முழுக்க முழிச்சிருந்து தண்ணி தெளிச்சுப் போராடலாம். இப்ப வந்திருக்கிறது வந்ததே தெரியாது. அதான் வித்தியாசம்."

நாங்களும் தெற்கே போனோம், ஹைவே 27-ல். இந்தப் பக்கம் பூமி முழுக்க மணல். ஒரு காலத்தில் கடல் மட்டம் உயர்ந்திருந்தபோது தீவுகளாக நின்ற மணல் மேடு இது. லேக் வேல்ஸ் ரிட்ஜ் என்பார்கள். மேட்டு நிலம் என்பதால் குளிர்காற்று பள்ளத்துக்கு இறங்கிவிடும், மரம் தப்பிக்கும். அதனால்தான் ஆரஞ்சுக்கு இந்த இடத்தைப் பிடித்தார்கள்.

காருக்குள் திடீரென்று ஒரு வாசனை. மல்லிகையும் எலுமிச்சை இலையும் கலந்த மாதிரி. மார்ச் மாதம் ஆரஞ்சு பூக்கிற காலம். கண்ணாடியை இறக்கிவிட்டேன். அத்தான் எதுவும் பேசவில்லை. கொஞ்ச தூரம் வாசனை கூடவே வந்தது. அப்புறம் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால் இலை உதிர்ந்து சாம்பல் நிறக் குச்சிகளாக நிற்கும் மரங்கள், வரிசை மாறாமல், ஏக்கர் கணக்கில். அதைத் தாண்டினால் 'புது வீடுகள் விற்பனைக்கு' என்று போர்டு. மறுபடி வாசனை. மறுபடி குச்சிகள். மறுபடி போர்டு. அரை மணி நேரம் இப்படியே.

* * *

தோட்டத்துச் சொந்தக்காரர் எண்பதைத் தாண்டிய பெரியவர். அவருடைய அப்பா வைத்த தோட்டம், நாற்பது ஏக்கர். கை குலுக்கினார், கை மரப்பட்டை மாதிரி இருந்தது.

"உங்ககிட்ட பேனா இருக்கா?" என்றார் முதல் கேள்வியாக.

ஆபீஸ் போகிறவன் சட்டைப் பையில் பேனா இல்லாமல் இருக்குமா? கொடுத்தேன். ஒரு இலையைப் பறித்து, நடு நரம்புக்கு இடது பக்கம் ஒரு வட்டம் போட்டார். வலது பக்கம் அதே இடத்தில், அதே அளவில் இன்னொரு வட்டம்.

"ரெண்டு வட்டத்துக்குள்ளேயும் பாருங்க. ஒரே மாதிரி இருக்கா?"

இல்லை. ஒன்றில் மஞ்சள் திட்டு, இன்னொன்றில் பச்சை.

"சத்துக் குறைவுன்னா மஞ்சள் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும். இதுக்கு அந்த ஒழுங்கு கிடையாது. கன்னாபின்னான்னு திட்டு விழுந்தா, அவன் உள்ளே வந்துட்டான்னு சந்தேகப்படணும்."

'அவன்' என்பது ஒரு பாக்டீரியா. நோய்க்குச் சீனப் பெயர், ஹுவாங்லாங்பிங். 'மஞ்சள் டிராகன் நோய்' என்று பத்திரிகைகள் எழுதும். தெற்குச் சீனத்து விவசாயிகள் பேச்சில் அதற்கு மஞ்சள் கொழுந்து என்றே பொருள். ஆங்கிலத்தில் கிரீனிங். பழம் சரியாகப் பழுக்காமல் அடிப்பக்கம் பச்சையாகவே நின்றுவிடுவதால் அந்தப் பெயர். ஒரே நோய்க்கு ஒரு ஊரில் மஞ்சள், இன்னொரு ஊரில் பச்சை!

பாக்டீரியாவின் பெயரும் வேடிக்கை. கேண்டிடேட்டஸ் லிபரிபாக்டர் ஏசியாட்டிகஸ். சோதனைச்சாலைத் தட்டில் இதைத் தனியாகப் பிரித்து நிலையாக வளர்க்க விஞ்ஞானிகளால் முடியவில்லை. அப்படி வளர்த்துக் காட்டும்வரை பெயருக்கு முன்னால் 'கேண்டிடேட்டஸ்' என்று ஒட்டிக்கொண்டே இருக்கும். அதாவது இன்னும் பெர்மனன்ட் ஆகாத கேஸ். ஆனால் பெர்மனன்ட் ஆனவர்களைவிட அதிக வேலை பார்க்கிறது, நம்ம ஆபீஸ் தற்காலிக ஊழியர் போல!

அது பார்க்கிற வேலை என்ன?

மரத்தில் சமையல் நடப்பது இலையில். சாப்பிடக் காத்திருப்பது வேரும் காயும். இலையிலிருந்து சர்க்கரைச் சாறு கீழே இறங்க, பட்டைக்கு அடியில் மெல்லிய குழாய்கள் உண்டு. பள்ளிக்கூடத்தில் புளோயம் என்று படித்தோமே, அதுதான். பாக்டீரியா குடியிருப்பது அந்தக் குழாயில். வேண்டாத விருந்தாளி வந்ததும் மரம் பயந்துபோய்க் குழாயைத் தானே அடைத்துக்கொள்கிறது. மேலே சமைத்தது மேலேயே தங்கி மாவாக உறைந்துவிடுகிறது. கீழே வேர் பட்டினி. ஹெட் ஆபீஸில் சம்பளம் சாங்ஷன் ஆகி, கிளை ஆபீஸுக்கு வந்து சேராத கதைதான்.

முதலில் சாவது வேர். அது மண்ணுக்குள் இருப்பதால் யாருக்கும் தெரியாது. இலையில் மஞ்சள் தெரிய மாதக்கணக்கில் ஆகும். சில மரத்தில் வருஷக்கணக்கில். அதற்குப் பிறகு பழம் சிறுக்கும், ஒரு பக்கமாகக் கோணும், விதை கறுத்து வற்றும். பறிக்கிற காலத்துக்கு முன்னாலேயே கொட்டும்.

பெரியவர் ஒரு கோணல் பழத்தை வெட்டி நீட்டினார். வாயில் வைத்தேன். புளிப்பு, கசப்பு, அப்புறம் நாக்கின் ஓரத்தில் இன்னதென்று சொல்ல முடியாத ஒரு கெட்ட ருசி. மரியாதைக்கு விழுங்கினேன்.

"துப்பிடுங்க. நானே துப்பிடுவேன்" என்றார்.

* * *

சரி, பாக்டீரியாவுக்குக் கால் கிடையாது, இறக்கை கிடையாது. ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு எப்படிப் போகிறது?

பெரியவர் ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுத்து, புதிதாக விட்ட ஒரு கொழுந்தைக் காட்டினார். முதலில் எதுவும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. அரிசிக் குருணை அளவுக்கு, பழுப்பும் வெள்ளையும் கலந்த ஒரு பூச்சி. மூன்று, நான்கு மில்லிமீட்டர் இருக்கும். உட்கார்ந்திருந்த விதம்தான் விசேஷம். தலை கீழே, பின்பக்கம் மேலே, சரியாக 45 டிகிரி. டவுன் பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் விழுந்த சில்லறையைத் தேடுகிற ஆசாமி எப்படிக் குனிந்திருப்பார்? அப்படி!

சிட்ரஸ் சில்லிட் என்று பெயர். ஊசி மாதிரி வாயைக் கொழுந்தில் இறக்கி, அந்தச் சர்க்கரைக் குழாயிலிருந்தே சாறு குடிக்கும். நோய் மரத்துச் சாறில் பாக்டீரியாவும் சேர்ந்து வரும். இந்தப் பூச்சி முட்டையிடுவது இளம் கொழுந்தில் மட்டும்தான். ஒரு பெண் பூச்சி 800 முட்டைவரை இடும். பொரித்த குஞ்சுகள் அங்கேயே உட்கார்ந்து குடித்துக் குடித்து வளரும். உள்ளே போன பாக்டீரியா அதன் உடம்பிலும் பெருகும். இறக்கை முளைத்ததும் அடுத்த மரத்துக் கொழுந்தைத் தேடிப் பறக்கும். பிறகு ஆயுசு முழுக்கப் போகிற இடமெல்லாம் விநியோகம்தான்.

கவனியுங்கள், மரத்துக்கு நோய் என்று நமக்குத் தெரிய வருஷம் ஆகலாம். ஆனால் பூச்சி வாய் வைத்த கொழுந்திலிருந்து அடுத்த தலைமுறைப் பூச்சி நோயை எடுத்துக்கொள்ளச் சில வாரம் போதும். அதாவது பார்க்க ஜம்மென்று நிற்கிற பச்சை மரத்திலிருந்தே நோய் ஊரெல்லாம் புறப்பட்டுவிடும். மஞ்சள் இலையைப் பார்த்து மரத்தை வெட்டுகிறவர், ரயில் போன பிறகு கேட் போடுகிறவர்.

இந்தப் பூச்சியை நம்ம பக்கம் வெகுநாளாகத் தெரியும். 1927-லேயே ஹுசேன், நாத் என்ற இரண்டு பூச்சி நிபுணர்கள் பஞ்சாபில் இது எலுமிச்சை ஜாதி மரங்களைப் பாழாக்குவதை விவரமாக எழுதியிருக்கிறார்கள். ஒட்டுக் கட்டினால் நோய் தொற்றும் என்று சீனாவில் லின் கோங்ஷியாங் 1956-ல் நிரூபித்தார். இந்தியாவில் இந்தப் பூச்சிதான் கிரீனிங்கைப் பரப்புகிறது என்று 1967-ல் கபூர், ராவ், விஸ்வநாத் என்ற மூன்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்து எழுதினார்கள். ஆக, திருடன் யார், அவன் வண்டி எது என்பது ஃபுளோரிடாவுக்கு வருவதற்கு முப்பது வருஷம் முன்னாலேயே தெரியும். தெரிந்தும் தடுக்க முடியவில்லை. அதுதான் இந்தக் கதையில் எனக்கு ரொம்ப உறுத்தியது.

1998 ஜூன் மாதம். ஃபுளோரிடாவில் டெல்ரே பீச் என்ற கடற்கரை ஊர். ஒரு வீட்டுத் தோட்டத்தில் இந்தப் பூச்சியை முதல் முறையாகப் பார்த்தார்கள். எந்தச் செடியில்? ஆரஞ்சில் இல்லை. வேலிக்கு வைக்கிற, வாசனையான வெள்ளைப் பூப் பூக்கிற ஒரு அழகுச் செடியில். அந்தச் செடி யாருக்கு உறவு தெரியுமா? நம்ம கறிவேப்பிலைக்கு! கிட்டத்தட்ட சித்தி மகள்.

அந்த அழகுச் செடியை நர்சரிகள் தொட்டியில் வைத்து மாநிலம் பூரா விற்றன. பூச்சியும் டிக்கெட் இல்லாமல் கூடவே போனது. 2000 செப்டம்பருக்குள் 31 மாவட்டங்களில் பரவிவிட்டது. ஆனால் பூச்சி மட்டும்தானே, நோய் இல்லையே என்று ஓர் ஆறுதல். 2005 ஆகஸ்ட் கடைசியில் மயாமிக்குத் தெற்கே, ஹோம்ஸ்டெட் பக்கம் நோயைக் கண்டுபிடித்தார்கள். ஆரஞ்சை மாநிலத்தின் பழம் என்று அறிவித்த அதே வருஷம்! தேடத் தேட இன்னும் பல இடங்களில் கிடைத்தது. கண்டுபிடித்த நாள் வேறு, வந்த நாள் வேறு.

பிறகு நடந்ததைக் கணக்கில் பாருங்கள். 2003-04 சீசனில் ஃபுளோரிடாவில் பறித்த ஆரஞ்சு 24 கோடியே 20 லட்சம் பெட்டி. ஒரு பெட்டி சுமார் 41 கிலோ. நான் போயிருந்த 2022-23 சீசனில் 1 கோடியே 58 லட்சம். 2024-25-ல் சுமார் 1 கோடியே 20 லட்சம். இருபதில் ஒரு பங்கு. புயல்களுக்கும் இதில் பங்கு உண்டு: 2017-ல் இர்மா, 2022-ல் இயான், 2024-ல் மில்டன். ஆனால் வேர் செத்த மரம் புயலில் எப்படி நிற்கும்? மாநிலத்தின் மிகப் பெரிய தோட்டக் கம்பெனிகளில் ஒன்றான அலிகோ, ஆரஞ்சுத் தொழிலிலிருந்து விலகப் போவதாக 2025 ஜனவரியில் அறிவித்துவிட்டது.

* * *

"மருந்து அடிக்கலையா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான், கேன்சர் வார்டில் போய் 'டாக்டரைப் பார்த்தீங்களா?' என்று கேட்டது போல இருந்தது.

பெரியவர் கோபப்படவில்லை. வேலிப் பக்கம் கூட்டிப் போனார். வேலிக்கு அந்தப் பக்கம் இன்னொரு தோட்டம். ஆள் இல்லை. களை இடுப்பளவு. ஆனால் மரங்கள் அரைகுறையாக உயிரோடு, அங்கங்கே கொழுந்து விட்டுக்கொண்டு நின்றன.

"சொந்தக்காரர் வேற ஊர்ல இருக்கார். நிலத்தை வீட்டு மனைக்கு விக்கக் காத்திருக்கார். மருந்து அடிக்க மாட்டார், மரத்தை வெட்டவும் மாட்டார். அவருக்கு எதுக்குச் செலவு? நான் என் பக்கம் அடிப்பேன். கொஞ்ச நாள் சுத்தமா இருக்கும். அப்புறம் அங்கேருந்து வந்துடும்."

இந்தப் பூச்சி பறப்பதில் பெரிய சூரன் இல்லைதான். ஆனாலும் 12 நாளில் 2 கிலோமீட்டர் போயிருப்பதை ஆராய்ச்சியில் பார்த்திருக்கிறார்கள். நாற்பது ஏக்கர் அதற்கு எந்த மூலைக்கு? அதனால் ஒரே வட்டாரத்துத் தோட்டக்காரர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் மருந்து அடிக்க ஏற்பாடு செய்தார்கள். பத்துப் பேரில் இரண்டு பேர் வராவிட்டால் எட்டுப் பேர் செலவு வீண். நம்ம அபார்ட்மென்ட் மீட்டிங் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

வேறு வழியும் பார்த்தார்கள். டமாரிக்ஸியா என்று ஒரு பொடிக் குளவி. சில்லிட் குஞ்சின் அடிவயிற்றுப் பக்கம் முட்டையிடும். குளவிக் குஞ்சு அதைத் தின்றே வளரும். இந்தியாவிலிருந்து 1978-ல் கொண்டு போய் ரீயூனியன் தீவில் விட்டபோது பூச்சியை நன்றாக அடக்கியது. ஃபுளோரிடாவிலும் 1999-லிருந்து விட்டார்கள். தீவில் செய்த சாகசம் இங்கே பலிக்கவில்லை.

எலுமிச்சை ஜாதிக் கன்றுகளை நர்சரியில் பூச்சி நுழையாத வலைக்குள்தான் வளர்க்க வேண்டும் என்று சட்டம் வந்தது. கொஞ்சம் தள்ளி, இளம் மரங்களுக்கு ஒவ்வொன்றாகக் கொசுவலை போட்டுக் கட்டியிருந்ததைப் பார்த்தேன். தூரத்தில் பார்க்க, முக்காடு போட்ட கல்யாணப் பெண்கள் வரிசையாக நிற்பது போல இருந்தது. மரம் வளர்ந்தால் வலையைக் கழற்றத்தான் வேண்டும். கழற்றின மறுநாளிலிருந்து பயம்.

பெரிய மரங்களின் அடித்தண்டில் பிளாஸ்டிக் ஊசி ஒன்று செருகியிருந்தது. ஆக்ஸிடெட்ராசைக்ளின். ஆன்டிபயாடிக்! மரத்துக்கு ஊசி போட 2022-ல்தான் அனுமதி கிடைத்தது. நாற்பது ஏக்கரில் ஒவ்வொரு மரமாகத் துளை போட்டு, ஊசி செருகி, திரும்ப எடுத்து... குணமாகுமா?

"குணமாகாது. கொஞ்சம் தெம்பு வரும். இந்த வருஷம் காய் கொட்டாம நிக்குமான்னு பார்க்கணும். எனக்கும் டாக்டர் அப்படித்தான் ஊசி போடறார்" என்று சிரித்தார்.

அப்போதுதான் மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன். அம்மா, ஈரத் துணி, எட்டு கொத்து, நாய், 'நோ' என்று பொய் சொன்னது, எல்லாம். அத்தான் சங்கடத்தில் வேறு பக்கம் பார்த்தார்.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். "2009-ல் கலிபோர்னியாவில், ஃப்ரெஸ்னோவில், உங்க ஊர்லேருந்து வந்த ஒரு பையை நாய் பிடிச்சுது. உள்ளே கறி இலை. இலையில் இந்தப் பூச்சி. பூச்சிக்குள்ளே இந்த பாக்டீரியா. அந்த மாநிலத்தில் அப்ப ஒரு மரத்துக்குக்கூட நோய் வரலை. 2012-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் ஒரு வீட்டுத் தோட்டத்தில் முதல் மரம் மாட்டிச்சு. அது வேற கதை. ஆனா ஒரு பை போதும்."

"கறிவேப்பிலைக்கு இந்த நோய் வருமா?"

"வராதுன்னுதான் சொல்றாங்க. பூச்சிக்கு அது சாப்பாடு, தங்கும் இடம் ரெண்டும். செடி நல்லா இருக்கும். அதனாலதான் யாருக்கும் சந்தேகம் வராது. கெட்ட எண்ணத்தோட யாரும் கொண்டு வரலை தம்பி. ஆசையாத்தான் கொண்டு வராங்க. அம்மா கொடுத்தாங்கன்னுதானே எல்லாரும் சொல்றாங்க?"

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"நாய் நல்ல நாய்" என்றார் கடைசியாக.

கிளம்பும்போது, ஊசி போட்ட மரத்திலிருந்து ஒரு பழம் பறித்துக் கொடுத்தார். கோணல் இல்லாத பழம். காரில் சாப்பிட்டேன். தித்திப்பு. திரும்பிப் பார்த்தபோது, வேலிக்கு அந்தப் பக்கத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

* * *

ஊர் திரும்பினேன். எங்கள் ஊர் புளியங்குடிக்குப் பக்கம். எலுமிச்சை மார்க்கெட்டுக்குப் பேர் போன ஊர். எங்கள் வீட்டுக் கொல்லையிலும் ஒரு எலுமிச்சை, அதை உரசிக்கொண்டு ஒரு கறிவேப்பிலை. முப்பது வருஷமாகப் பார்க்கிறேன். குனிந்து பார்த்தது கிடையாது.

மறுநாள் காலையில் பல் தேய்த்த கையோடு போய்க் குனிந்தேன். கறிவேப்பிலைக் கொழுந்து ஒன்றில்... தலை கீழே, பின்பக்கம் மேலே, 45 டிகிரி! ஒன்று, இரண்டு, மூன்று. பூதக்கண்ணாடிகூடத் தேவைப்படவில்லை. இத்தனை வருஷமும் இங்கேதான் சில்லறை தேடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

எலுமிச்சையில் ஒரு மஞ்சள் இலை. பேனாவை எடுத்து இரண்டு வட்டம் போட்டேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மஞ்சள். சத்துக் குறைவாகத்தான் இருக்கும். மூச்சு வந்தது.

"காலங்கார்த்தாலே இலையில் என்னடா கோலம் போடறே?" என்று அம்மா பின்னால் வந்து நின்றாள். கையில் ஈரத் துணி. "எதிர்த்த வீட்டுப் பையன் நாளைக்கு அமெரிக்கா போறானாம். அவன் பெட்டியில் நாய் முகராத மாதிரி நல்லா சுத்தி..."

உட்கார வைத்து எல்லாம் சொன்னேன். பூச்சி, குழாய், பட்டினி கிடக்கும் வேர், ஊசி, வேலிக்கு அந்தப் பக்கம். அம்மாவுக்கு பாக்டீரியா புரிந்ததா தெரியாது. ஆனால் பெரியவர் நின்றுகொண்டிருந்ததைச் சொன்னபோது குறுக்கே பேசவில்லை.

"அவங்க அப்பா வச்ச மரமா?" என்றாள்.

"ஆமாம்."

"பாவம்."

ஈரத் துணியைப் பிரித்து உதறினாள். பறித்து வைத்திருந்த கொத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அடுப்படியிலிருந்து தாளிக்கிற சத்தம் கேட்டது. ரச வாசனை கொல்லை வரைக்கும் வந்தது.